கொலைகாரன் இல்லை, கொத்தனார்!

முதலிலேயே டிஸ்கி போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. நுண்ணுயிரியல் படிக்கிற மாணவன், அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முக்கியமாக ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உங்கள் டாக்டரிடம் போய்க் கேள்வி கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எங்க ஊர் திருவண்ணாமலை. பெயரைச் சொன்னதும் எல்லாருக்கும் தீபமும் கிரிவலமும்தான் ஞாபகம் வரும். எனக்குக் கரும்புத் தொட்டில் ஞாபகம் வரும். கார்த்திகை தீபத் திருவிழாவில் பெரிய தேர் ஓடுகிற அன்று மாடவீதியில் நின்று பாருங்கள். பிள்ளை வரம் கேட்டுப் பிள்ளை பெற்றவர்கள், கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, குழந்தையைப் படுக்கவைத்து, கணவனும் மனைவியுமாக ஆளுக்கு ஒரு முனையைத் தோளில் சுமந்துகொண்டு வீதியைச் சுற்றி வருவார்கள். வெயிலோ மழையோ, அந்த முகங்களில் இருக்கிற சந்தோஷத்தை வேறு எங்கேயும் பார்க்க முடியாது.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, வருஷா வருஷம் அந்தக் கூட்டத்தை வேடிக்கை பார்ப்பாள். கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு முறை கரு உண்டாகி, இரண்டு முறையும் மூன்றாம் மாதம் தொடுவதற்குள் கலைந்துவிட்டது. அப்புறம் ஒரு ஐ.வி.எஃப். அதுவும் நிற்கவில்லை. போன தீபத்துக்கு அவள் வாசலுக்கே வரவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு ஃபைலை நீட்டினாள்.

"டேய் தம்பி, நீதான இதெல்லாம் படிக்கிற. இதுல கில்லர்னு போட்டிருக்கே... அந்த ரெண்டையும் நானேதான் கொன்னுட்டேனாடா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபைலில் இருந்தது ஒரு ரத்தப் பரிசோதனை. 'நேச்சுரல் கில்லர் செல் 16 சதவீதம்' என்று தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். பக்கத்தில், 12-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று குறிப்பு. வெளியூரில் இருக்கும் ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்தில் எடுத்தது. (பெயர் வேண்டாம். பிரச்சினை ஒரு மையம் இல்லை, ஒரு பழக்கம்.) அங்கே சொன்னதாக அக்கா சொன்னது இது: "உங்க உடம்புல இருக்கிற கொல்லி அணு, கருவை எதிரின்னு நெனச்சு அடிக்குதும்மா. அதை அடக்கினாத்தான் அடுத்த தடவை நிக்கும்." அடக்குவதற்கு ஒரு பட்டியல்: ஸ்டீராய்டு மாத்திரை, இன்ட்ராலிபிட் டிரிப்ஸ், அதிலும் சரிவராவிட்டால் ஐ.வி.ஐ.ஜி. ஊசி. இதைச் சொல்லும்போது அக்காவின் மாமியார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பிள்ளை இல்லாத பெண்ணுக்கு ஊர் வைத்திருக்கிற பெயர் நமக்குத் தெரியும். இப்போது அதோடு 'கொல்லி' என்று லேப் ரிப்போர்ட்டும் சேர்ந்துகொண்டது.

நான் சொல்லவருவது ஒன்றுதான். அந்தச் சோதனையை வைத்துக்கொண்டு அந்தச் சிகிச்சையைச் செய்வது மருத்துவம் இல்லை. பயத்தை விற்பது.

பேரால் வந்த வினை

இந்த அணுக்களுக்குப் பெயர் வைத்தது 1975-ல். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹான்ஸ் விக்ஸெல் ஆகியோர் எலிகளை வைத்து ஆராய்ந்தபோது, முன்பயிற்சி எதுவும் இல்லாமலே புற்றுநோய் அணுக்களைக் கொல்கிற ஒரு வகை வெள்ளையணுவைக் கண்டார்கள். இயற்கையாகவே கொல்கிறது, அதனால் 'இயற்கைக் கொல்லி'. சுருக்கமாக என்.கே. செல்.

கொல்லி என்றால் கண்ணில் பட்டதையெல்லாம் கொல்லுமா? இல்லை. கிரிவலப் பாதையில் செக்போஸ்ட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பின் பெரும்பாலான அணுக்கள் மேலே ஓர் அடையாள அட்டை மாட்டியிருக்கின்றன. எச்.எல்.ஏ. என்று பெயர். அட்டையைப் பார்த்தால் என்.கே. செல் சும்மா போய்விடும். வைரஸ் புகுந்த அணுவும் புற்றுநோய் அணுவும் பல நேரம் அந்த அட்டையைக் கழற்றிவிடும். அப்போதுதான் அடி விழும். 1980-களில் க்ளாஸ் கார்ரெ முன்வைத்த கருத்து இது. அதாவது என்.கே. செல்லுக்கு ஆக்ஸிலேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டு. இரண்டில் எது பலமோ அதன்படிதான் நடக்கும்.

கருப்பைக்குள் வேறு கதை

ரத்தத்தில் ஓடுகிற என்.கே. செல்களில் பத்தில் ஒன்பது பங்கு கொல்கிற வகை. ஆனால் கருப்பைக்குள் இருப்பவை வேறு வகை. மேற்பரப்பு அடையாளங்கள் வேறு, வேலையும் வேறு. கொல்கிற சக்தி அவற்றுக்கு மிகக் குறைவு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருப்பை உள்சவ்வில் இருக்கும் வெள்ளையணுக்களில் சுமார் 70 சதவீதம் இவைதான். கருவைக் கொல்வதுதான் இவற்றின் வேலை என்றால் மனித குலமே பிறந்திருக்காதே!

பிறகு என்னதான் செய்கின்றன? கருப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் குறுகலாக, சுருண்டு இருக்கும். குழந்தைக்கு அந்த ரத்தம் போதாது. நஞ்சுக்கொடியின் அணுக்கள் தாயின் கருப்பைச் சுவருக்குள் நுழைந்து அந்தக் குழாய்களை அகலப்படுத்த வேண்டும். அந்த வேலையில் கூடவே நின்று, வளர்ச்சிப் பொருள்களைச் சுரந்து, வழிவிட்டு, எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது இந்த என்.கே. செல்கள். எலிகளில் இவற்றை இல்லாமல் செய்து பார்த்தபோது குழாய்கள் சரியாக அகலவில்லை. ஆக இவர் கொலைகாரர் இல்லை, வாய்க்கால் வெட்டுகிற கொத்தனார்!

இன்னொன்று கேளுங்கள். கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இது. தாயின் என்.கே. செல்களில் இருக்கும் உணர்விகளும், குழந்தையிடம் இருக்கும் ஒரு வகை எச்.எல்.ஏ. அட்டையும் சேரும் விதத்தைப் பார்த்தார்கள். எந்தச் சேர்க்கையில் பிரேக் அதிகமாக விழுகிறதோ, அந்தத் தாய்மாருக்குத்தான் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோயான பிரீ-எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. அதாவது என்.கே. செல் சோம்பினால் ஆபத்து. நாம் என்ன செய்கிறோம்? அது துள்ளுகிறது என்று சொல்லி மேலும் அடக்க மருந்து கொடுக்கிறோம். கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீடு ஏன் நிற்கவில்லை என்று கேட்கிற கதை.

கையில் குத்தினால் கருப்பை தெரியுமா?

அக்காவுக்கு எடுத்தது கை ரத்தம். கை ரத்தத்தில் ஓடுகிற வகையும் கருப்பையில் உட்கார்ந்திருக்கிற வகையும் வேறு என்று மேலே சொன்னேன். ஒன்றின் எண்ணிக்கையை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. பெரிய தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, கோயிலுக்குள் எத்தனை பேர் பூஜை செய்கிறார்கள் என்று சொல்வது மாதிரி.

அந்த 12 சதவீதக் கணக்கு? 2004-ல் மொஃபெட், லெஸ்லி ரீகன், பீட்டர் பிரௌட் மூவரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஆரோக்கியமானவர்களுக்கே ரத்தத்தில் 5 முதல் 29 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறார்கள். உடற்பயிற்சி, மன அழுத்தம், நேரம் எல்லாவற்றுக்கும் இந்த அளவு மாறும். ஊசியைப் பார்த்துப் பயந்தாலே கூடும் என்றால், பிள்ளை நிற்குமா நிற்காதா என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குக் கூடாமல் என்ன செய்யும்? அக்காவின் 16 சாதாரண எண். அதைத் தடித்த எழுத்தில் அடித்ததுதான் அசாதாரணம்.

கருப்பையிலிருந்தே திசு எடுத்துப் பார்க்கலாமே என்பீர்கள். அங்கேயும் எண்ணிக்கை மாதவிடாய்ச் சுழற்சியின் நாளுக்கு நாள் மாறுகிறது. கருமுட்டை வெளிவந்த பிறகு சரசரவென்று ஏறுகிறது. எந்த அளவு அதிகம், எந்த அளவு குறைவு என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட கோடே கிடையாது.

மருந்துப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

1. கணவனின் வெள்ளையணுக்களை மனைவிக்கு ஊசி போடுவது. இதுதான் மூத்தது. 1985-ல் லண்டனில் நடந்த ஒரு சிறு ஆய்வு பலன் இருப்பதாகச் சொன்னதும் உலகம் முழுக்கப் பரவியது. 1999-ல் கரோல் ஓபர் குழுவினர் பல மையங்களில் முறையாகச் சோதித்து லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்குக் கர்ப்பம் நிலைத்தது. உப்புத் தண்ணீர் போட்டவர்களில் 48 சதவீதம்! 2002 ஜனவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ., ஆராய்ச்சி அனுமதி இல்லாமல் இதைச் செய்யக்கூடாது என்று கடிதம் அனுப்பியது. ஒரு ஆய்வு வந்ததும் ஓடத் தொடங்கி, நிறுத்த 17 வருஷம். இடையில் ஊசி வாங்கியவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்?

2. இன்ட்ராலிபிட். பெயர் பெரிசு. உள்ளே இருப்பது சோயா எண்ணெய், முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த கொழுப்பு, கிளிசரின், தண்ணீர். 1960-களில் சுவீடனில், வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ரத்தக்குழாய் வழியாகச் சத்து ஏற்ற உருவாக்கியது. அந்த வேலையை நன்றாகச் செய்கிற நல்ல மருந்து. ஆய்வகக் குழாயில் என்.கே. செல்லின் வேகத்தைக் குறைக்கிறது என்பதற்காகக் கருத்தரிப்பு மையத்துக்கு வந்து சேர்ந்தது. குழாயில் குறைவது வேறு, குழந்தை பிறப்பது வேறு. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023-ல் கூடுதல் சிகிச்சைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில், என்.கே. செல் சோதனை, இன்ட்ராலிபிட் இரண்டையும் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

3. ஐ.வி.ஐ.ஜி. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். விலை யானை விலை. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: 2022-ல் ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வில், கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே அதிக அளவில் கொடுத்தபோது பலன் தெரிந்தது, குழந்தை பெற்றவர்கள் 58 சதவீதம், கொடுக்காதவர்களில் 35 சதவீதம். ஆனால் அதில் சேர்ந்த சுமார் நூறு பேரும் காரணம் தெரியாமல் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கரு கலைந்தவர்கள். கை ரத்தத்தில் 12-ஐத் தாண்டியவர்கள் என்பதற்காகச் சேர்த்தவர்கள் இல்லை. அந்த ஆய்வைக் காட்டி அக்காவுக்கு விற்க முடியாது. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகள் இதே மருந்தை நம்பித்தான் உயிர் வாழ்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

4. ஸ்டீராய்டு. சல்லிசான விலை, அதனால் கை தாராளமாக எழுதுகிறது. 2023-ல் ஜாமா இதழில் சீன ஆய்வு ஒன்று வந்தது. ஐ.வி.எஃப். திரும்பத் திரும்பத் தோற்ற 715 பெண்கள். பாதிப் பேருக்கு பிரெட்னிசோன், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. குழந்தை பெற்றவர்கள் 37.8 சதவீதம், 38.8 சதவீதம். வித்தியாசம் இல்லை. ஆனால் குறைப்பிரசவம் 11.8 சதவீதம், 5.5 சதவீதம். மருந்து சாப்பிட்டவர்களுக்கு இரண்டு மடங்கு!

"ட்ரை பண்ணிப் பாக்கறதுல என்ன தப்பு?" என்று கேட்பவர்கள் கடைசி வரியை இன்னொரு தரம் படியுங்கள்.

"ஆனா நிறைய பேருக்குப் பொறந்திருக்கே?"

மாமா கேட்டது இது. மையத்தின் வரவேற்பறைச் சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள் என்றார். இங்கேதான் எனக்குக் கரும்புத் தொட்டில் ஞாபகம் வந்தது.

மாடவீதியில் தொட்டில் தூக்கி வருபவர்கள் யார்? வேண்டிக்கொண்டு, பிள்ளை பெற்றவர்கள். வேண்டிக்கொண்டும் பெறாதவர்கள் எங்கே? அக்கா மாதிரி வீட்டுக்குள். தெருவில் நின்று பார்த்தால் வேண்டிய எல்லாருக்கும் பிறந்த மாதிரித்தான் தெரியும். நான் தொட்டிலைக் குறை சொல்லவில்லை. அது நன்றி. கோயில் அதைப் புள்ளிவிவரம் என்று சொல்வதில்லை, அதைக் காட்டி அடுத்தவருக்கு ரசீது போடுவதும் இல்லை. மையத்தின் சுவரும் ஒரு தொட்டில் ஊர்வலம்தான். ஆனால் அங்கே நன்றியை ஆதாரமாக மாற்றிவிடுகிறார்கள்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. 1990-களில் இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளில், காரணம் தெரியாமல் தொடர்ந்து கரு கலைந்த பெண்கள் மறுபடி கருத்தரித்தபோது, எந்த மருந்தும் இல்லாமல், ஆரம்பத்திலேயே ஸ்கேனும் கனிவான கவனிப்பும் மட்டும் கொடுத்ததில் சுமார் நான்கில் மூன்று பேருக்குக் குழந்தை பிறந்தது. இப்போது யோசியுங்கள். அந்த நான்கு பேருக்கும் சோயா எண்ணெய் ஏற்றியிருந்தால்? மூன்று பேர் "அந்த டிரிப்ஸ்தான் காப்பாத்திச்சு" என்று சத்தியம் செய்வார்கள். எளநீர் கொடுத்திருந்தாலும் செய்வார்கள். இதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆய்வு தேவைப்படுகிறது.

என்.கே. செல் ஆராய்ச்சியே பொய்யா?

இல்லவே இல்லை. நான் படிப்பதே அதைத்தான். பெர்ஃபோரின் என்ற புரதத்தால்தான் என்.கே. செல் எதிரி அணுவில் ஓட்டை போடுகிறது. அந்த மரபணு பழுதாகிப் பிறக்கிற குழந்தைகளுக்குக் கொல்லி கொல்லாது. கொல்லாததால் எதிர்ப்பு மண்டலம் அணையாமல் எரிந்து, காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமுமாகி உயிரையே எடுக்கும். எச்.எல்.எச். என்று பெயர். 1999-ல் கண்டுபிடித்த மரபணுக் காரணம் இது. அங்கே என்.கே. செல் சோதனைக்கு அர்த்தம் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. லூபஸ் மாதிரி நோய்களுக்கு, மாற்றியமைத்த என்.கே. செல்களை ஏற்றிப் பார்க்கும் ஆரம்பகட்டச் சோதனைகளும் உலகில் நடக்கின்றன. அவற்றுக்குச் 'சோதனை' என்றுதான் பெயர். நோயாளியிடம் சொல்லி, கையெழுத்து வாங்கி, ஒப்பிட்டு, முடிவை வெளியே சொல்ல வேண்டும். இங்கே நடப்பது அதே சோதனை, நோயாளியின் செலவில், முடிவு யாருக்கும் தெரியாமல்.

கரு கலைவதற்கு எதிர்ப்பு மண்டலம் காரணமே இல்லையா என்றால், உண்டு. ஆன்டி-பாஸ்போலிப்பிட் நோய் என்று ஒன்று. ரத்தப் பரிசோதனையில் தெரியும், 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுத்தால் பலன். 1997-ல் லண்டனில் நடந்த ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் குழந்தை, இரண்டும் எடுத்தவர்களில் 71 சதவீதம். இரண்டு முறை கரு கலைந்தாலே இதைப் பார்க்க வேண்டும் என்கிறது எஷ்ரே.

அக்காவின் ஃபைலை மூன்று தரம் புரட்டினேன். இந்தப் பரிசோதனை அதில் இல்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, செய்யக்கூடாததைத் தடித்த எழுத்தில் செய்திருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

பிரிட்டனில் எச்.எஃப்.ஈ.ஏ. என்ற அரசு அமைப்பு இருக்கிறது. கருத்தரிப்பு மையங்கள் விற்கும் கூடுதல் சிகிச்சைகளை எடைபோட்டு, சாதாரண மக்களுக்கும் புரிகிற மாதிரி நிறம் கொடுத்து அறிவிக்கிறது. நம் நாட்டில் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் 2021-ல் நிறைவேறி, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மையங்களின் பதிவு, கொடையாளர், ஒப்புதல் எல்லாம் அதில் வருகிறது. நல்லது. அந்தச் சட்டத்தின்கீழ் வாரியம் இருக்கிறது. அந்த வாரியம் இதே மாதிரி ஒரு பட்டியலைத் தமிழிலும் போட்டு ஒவ்வொரு மையத்தின் சுவரிலும், குழந்தைப் படங்களுக்கு நடுவில், ஒட்டச்சொல்லக் கூடாதா? அதற்குக் கோடிகள் வேண்டாம். ஒரு தாள் போதும்.

அதுவரை நாம் கேட்க வேண்டியவை நான்கு. இந்தச் சோதனை முடிவால் சிகிச்சை மாறினால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்று எந்த ஆய்வு சொல்கிறது? ஒன்றும் செய்யாவிட்டால் என் வாய்ப்பு எவ்வளவு? இதனால் எனக்கும் குழந்தைக்கும் என்ன கெடுதல் வரலாம்? இது நிரூபிக்கப்பட்டதா, முயற்சியா? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

கடைசியாக எங்க ஊர் ராஜா கதை. வல்லாள மகாராஜாவுக்குக் கோபுரம் கட்ட முடிந்தது, பிள்ளை இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க அண்ணாமலையாரே அவருக்கு மகனானார் என்பது தலபுராணம். இன்றைக்கும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவருக்குத் திதி கொடுத்துவிட்டு வருகிறார். நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். எனக்கு அதில் பிடித்தது, பிள்ளை இல்லாதவரைப் பார்த்து 'உன் உடம்பில்தான் கோளாறு' என்று அந்தக் கதையில் யாருமே சொல்லாததுதான்.

அக்காவிடம் இதையெல்லாம் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து சொன்னேன். ஆன்டி-பாஸ்போலிப்பிட் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறாள். முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் 12 வாரம் பொறுக்கிற மாதிரி இருக்கும், பிள்ளை பிறக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப நான் கொல்லலல்ல?"

இல்லக்கா. நீ கொல்லல. இதை உன் மாமியாரிடமும் நானே வந்து சொல்கிறேன்.